கிடைக்குப் போகாத நாய்கள்

அண்ணன் சங்கரன்கோயிலுக்குப் போயிருக்கான்க்கா, கோழித்தலை வாங்க. நாய்க்குட்டிகளுக்கு மஞ்சப்பொடி போட்டு வேகவச்சுக் குடுக்கணும். அடுத்த பஸ்ஸுல வந்துருவான். அதுவரை இந்தச் சேர்ல உக்காருங்க. கால் ஒண்ணு ஆடும், சாயாம இருந்தா விழாது.

ஒரிஜினல்தானான்னு கேட்டீங்கல்ல? ஒரிஜினல்தான். புத்தகத்துல எப்படிப் போட்டிருக்கோ அப்படியே இருக்கும். அண்ணன் சர்ட்டிபிகேட் காட்டுவான், சீல் எல்லாம் இருக்கும். அந்தப் புத்தகத்துல அப்படிப் போட்டது எப்படின்னு கேட்டீங்கன்னா அது வேற விஷயம். அண்ணன் இருந்தா சொல்ல விடமாட்டான். நான் சொல்லிருவேன். எனக்குப் பொய் வராது. ஸ்கூல்ல டி.சி. வாங்கப் போனப்ப எங்க கெமிஸ்ட்ரி டீச்சர், "செண்பகம், நீ போனா கிளாஸ் அமைதியா இருக்கும், ஆனா உண்மையைச் சொல்ல ஆள் இருக்காது"ன்னாங்க. கிண்டலாத்தான் சொன்னாங்க. இருந்தாலும் சொன்னாங்கல்ல.

எங்க அப்பாவுக்கு ஆடுதான் தொழில். செம்மறி. இப்ப இல்ல, அப்ப. கிடை போடுறதுன்னா தெரியுமாக்கா? அறுப்பு முடிஞ்ச வயல்ல ராத்திரிக்கு ஆடுகளை மொத்தமா அடைச்சுப் படுக்க வைப்பாங்க. புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். வயக்காரர் நெல்லு குடுப்பார். இங்க புல்லு காஞ்சதும் பங்குனியில ஆட்டை ஓட்டிக்கிட்டு மேற்கே மலையடிவாரத்துக்குக் கிளம்பிருவாங்க. ஐப்பசி மழைக்குத்தான் திரும்புவாங்க. அதுவரை வெட்டவெளி. சுத்தி மூங்கில் படல், படலுக்குள்ள ஆடு, படலுக்கு வெளிய நாய். ஆள் தூங்கலாம். நாய் தூங்கக் கூடாது.

அதைத்தான் நாங்க நாய்ன்னு சொல்லுவோம். மத்ததெல்லாம் ஊர்ல சும்மா கிடக்குறது.

குட்டி போட்டதும் கிடைக்காரங்க வந்து பாப்பாங்க. குட்டையா, கருப்பா, இல்ல மண்ணு நிறமா இருந்தா எடுப்பாங்க. உசரமா வளர்ற குட்டி படலுக்கு அடியில நுழைஞ்சு போக முடியாது. வெள்ளைக் குட்டி இருட்டுல தெரியும், திருடன் தூரத்துல இருந்தே கல்லெறிவான். ஆளைக் கண்டதும் வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடி வர்ற குட்டியை எவனும் தொட மாட்டான். இந்த மாதிரிக் கழிச்சுப் போட்டதை எல்லாம் ஊர்ப் பிள்ளைக வச்சு விளையாடும். அதுகளும் வளரும். சோறு தின்னும், வெயிலுக்கு ஒதுங்கும், பந்தி இலைக்குச் சண்டை போடும். அதுக்கு யாரு பேர் வச்சா, யாரு கணக்குல எடுத்தா. உங்களுக்குப் புரியுதுல்ல? இதுதான் விஷயமே.

எங்க வீட்டு நாய் பேரு மொச்சை. மொச்சைக்கொட்டை நிறம். தாய்நாய் லாரியில அடிபட்டுருச்சு, இதுக்குக் கண்ணு தெறக்கலை. நான்தான் ஆட்டுப்பாலைத் துணியில நனைச்சு வாயில விட்டேன். ஊர்ல அதை நான் உயிரா வளத்தேன்னு சொல்லுவாங்க. அப்படியெல்லாம் இல்ல. பால் ஊத்தினேன், அது பொழச்சுக்கிச்சு. என்னைத் தவிர யாரும் அது வாயில கைவைக்க முடியாது. கரண்ட்டு ரீடிங் எடுக்க வர்ற அண்ணன் ரோட்டுல நின்னே, "ஏம்மா, நீயே பாத்துச் சொல்லிரு, நான் எழுதிக்கிறேன்"ம்பார். அவர் தொடையில தையல் போட்டிருக்கு. பாவம்தான்.

நான் ப்ளஸ் ஒன் படிக்கும்போது அப்பாகிட்ட, எனக்குப் படிப்பு ஏறலை, உங்ககூடக் கிடைக்கு வர்றேன்னு சொன்னேன். அம்மா கத்துச்சு. அப்பா வாசல்ல படுத்திருந்த மொச்சையைப் பாத்தாரு. அப்புறம், "மொச்சை ஒரு ஈத்து போடட்டும். ரெண்டு குட்டியை நீ பழக்கு. கிடைக்கு நிக்கிற நாயா ஆக்கிக் காட்டு. ஆட்டைப் பிரிச்சுத் தர்றேன், தனிக்கிடை போட்டுக்க"ன்னாரு. எதுத்த வீட்டு மாமா கேட்டுக்கிட்டிருந்துட்டு, "பொம்பளைப் பிள்ளை ராத்திரி காட்டுல கிடை போடுறதாக்கும்"ன்னாரு. அப்பா சொன்னாரு, "கிடைக்கு வர்ற திருடன் ஆளையா மச்சான் பாக்கான்? நாயைத்தான பாக்கான்."

அதோட நான் ஸ்கூல்ல நின்னுட்டேன். மொச்சை குட்டி போடும், ரெண்டு எனக்கு. அப்படித்தான் முடிவாகி இருந்துச்சு.

டீ ஆறுது பாருங்க. ஆடை படிஞ்சா ஊதிட்டுக் குடிங்க.

அண்ணன் பேரு கொம்பையா. அவனுக்கு ஆடு பிடிக்காது, வீச்சம்ப்பான். போன்ல நாய் வீடியோ போட்டுக்கிட்டிருப்பான். அதைப் பாத்து டவுன்ல ஒரு நாட்டுநாய்ச் சங்கத்துல இருந்து பேசினாங்க. இந்தக் கரட்டுப் பக்கத்து நாய் எந்தப் புத்தகத்துலயும் இல்லையாம். வந்து பாத்து, அளந்து, இதுதான் நெடுங்கரட்டு நாய், இப்படி இருந்தாத்தான் சுத்தம்னு ஒரு ஸ்டாண்டர்டு எழுதப் போறாங்களாம். எழுதிட்டா நாட்டுல எங்க கொண்டுபோனாலும் நம்ம ஊர்ப் பேரைச் சொல்லித்தான் அந்த நாயைக் கூப்பிடணுமாம். அண்ணனுக்குத் தலைகால் புரியலை. வீடு வீடாப் போய்ச் சொன்னான்.

அவங்க வந்தது வைகாசியில. நல்லாக் கேட்டுக்கங்க, வைகாசி. கிடை எல்லாம் மேற்கே இருக்கு. அப்பா அங்க, மொச்சை அங்க. ஊர்ல ஒரு கிடைநாய் கிடையாது.

அதுக்காக ஊரு சும்மா இருக்குமா? வர்றவங்களுக்கு நாய் இல்லைன்னு சொன்னா அசிங்கம்ல. சும்மா கிடந்ததை எல்லாம் பிடிச்சாங்க. ஷாம்பு பாக்கெட்டு போட்டுக் குளிப்பாட்டினாங்க. ஒரு வீட்ல பவுடர் போட்டு, நெத்தியில பொட்டும் வச்சு விட்டிருந்தாங்க. அது பொட்டை அழிக்கணும்னு தரையில உருண்டு திரும்பவும் செம்மண்ணு ஆயிருச்சு. கனியப்பன் மாமா அவர் வீட்டு மைனரைக் கொண்டுவந்தாரு. மைனர்னா நாய். வெள்ளை வெளேர்னு, காலு நீளமா, வாலு ஜிலேபி மாதிரி, மூக்கு ரோஸு. நடக்குறதே கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி நடக்கும். ஆட்டுக்குட்டி முட்ட வந்தா கட்டிலுக்கு அடியில போயிரும்.

நான் சொன்னேன், "மாமா, இதைப் போயிக் காட்டாதீங்க. மானம் போயிரும்."

"ஏட்டி, அளக்கத்தான வர்றாங்க. இவனை என்ன சண்டைக்கா விடப் போறாங்க? உங்க அண்ணன் மூஞ்சியவிட இவன் மூஞ்சி நல்லாருக்கு, போட்டோவுக்கு நிக்கட்டும்."

சங்கத்துல இருந்து நாய் டாக்டரம்மா வந்தாங்க, எழிலரசின்னு பேரு. கூட ரெண்டு பேரு. நான் அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். சேர் போட்டும் உக்காரலை, தரையில முட்டி போட்டுத்தான் ஒவ்வொரு நாயையும் பாத்தாங்க. முதல்ல கையை நீட்டி மோந்து பாக்க விட்டாங்க. தோளுக்கு எவ்வளவு, நெஞ்சு எவ்வளவு, காது எவ்வளவு, எல்லாம் அளந்தாங்க. பல்லைப் பாத்தாங்க. வாயைத் திறந்தாக்கூட ஒரு நாயும் உறுமலை. எப்படி உறுமும்? எல்லாம் கழிச்சுப் போட்டதுல்ல. டாக்டரம்மாவுக்கு ஆச்சரியம். இவ்வளவு ஒரே மாதிரி, இவ்வளவு சாதுவா ஒரு கூட்டத்தை நான் எங்கயும் பாத்ததில்லைன்னாங்க. ஒரே மாதிரி இல்லாம? பாதிக்கு மேல மைனரோட அண்ணன் தம்பி, மிச்சம் அதோட பிள்ளைக.

கடைசியில அவங்க கேட்டாங்க. எல்லாரும் இருந்தாங்க, எல்லாருக்கும் கேக்குற மாதிரித்தான் கேட்டாங்க. "ஊர்ல இருக்குற நாய் எல்லாம் இதுதானா? வேற எங்கயும், வேற மாதிரி இல்லையே?"

இதைப் புரிஞ்சுக்கணும்னா எங்க ஊரு வழக்கம் தெரியணும்க்கா. கிடை வெளிய போயிருச்சுன்னா, அது திரும்பி வந்து நம்ம மண்ணை மிதிக்கிற வரை, அதுல என்ன இருக்கு, எத்தனை இருக்கு, காவலுக்கு எது நிக்குதுன்னு வெளியாளுகிட்ட வாய் திறக்கக் கூடாது. திருடன் அப்படித்தான் விசாரிப்பான், பால்காரன் மாதிரி, சொந்தக்காரன் மாதிரி. நாய் எத்தனைன்னு தெரிஞ்சுக்கிட்டு அதுக்குத் தக்கன ஆளோட வருவான். கண்ணுபடும்னும் சொல்லுவாங்க, ரெண்டும்தான். ஆடு மாடு கணக்கெடுக்க வர்ற சர்க்கார் ஆளுக்கே சொல்ல மாட்டாங்க. அப்பா போன் பேசினாக்கூட அம்மா, "சாப்பிட்டீகளா, மழை உண்டா"ன்னுதான் கேக்கும். ஆடு எப்படி இருக்குன்னு ஒருநாளும் கேட்டதில்ல.

அதனால எல்லாரும் சொன்னாங்க, "இதுதாம்மா, வேற இல்ல." கனியப்பன் மாமாவும் சொன்னாரு. அண்ணனும் சொன்னான்.

டாக்டரம்மா என்னைப் பாத்தாங்க. "பாப்பா, உங்க வீட்ல நாய் இல்லையா?"

"இல்ல."

"வாசல்ல கஞ்சித்தொட்டி கிடக்கே?"

"நாய் இல்ல."

அது பொய் கிடையாது. அந்த நேரத்துல எங்க வீட்ல நாய் இல்ல. மேற்கே இருந்துச்சு. அவங்க கேட்டது வீட்ல இருக்கான்னுதான்.

ஐப்பசியில மழை இறங்கி, கிடை எல்லாம் திரும்பி வந்துச்சு. மொச்சை நல்லா மெலிஞ்சு, காதுல ஒரு கிழிசலோட வந்துச்சு. வந்ததும் என் செருப்பைக் கவ்விக்கிட்டுப் போய் அது மேல தலையை வச்சுப் படுத்துக்கிச்சு. எல்லா வருசமும் அப்படித்தான் செய்யும். புதுச் செருப்பு, பிஞ்சே போச்சு.

அதே வாரத்துல புத்தகம் வந்துச்சு. அட்டையில யாரு? மைனர். கழுத்தை நிமித்திக்கிட்டு. கனியப்பன் மாமா அதை பிரேம் போட்டு சாமிப் படத்துக்குப் பக்கத்துல மாட்டினாரு, அத்தை திட்டினதும் டிவிக்கு மேல மாத்தினாரு.

நான்தான் அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். அப்பா படல் முடைஞ்சுக்கிட்டு இருந்தாரு. "உயரமான, மெலிந்த உடலமைப்பு. வெண்மை அல்லது சந்தன நிறம். வால் மேல்நோக்கிச் சுருண்டிருத்தல் வேண்டும். அந்நியரிடமும் இணக்கமான இயல்பு. குறைகளாவன: குட்டையான கால்கள், கருமை அல்லது பழுப்பு நிறம், மடிந்த காது, எளிதில் கடிக்கும் குணம்." இப்படி இருந்தா கலப்புன்னு அர்த்தம்னு கீழ போட்டிருந்துச்சு.

"இது எந்த ஊரு நாயி?"ன்னு கேட்டாரு.

"நம்ம ஊரு நாயாம்."

"அப்ப நம்ம நாயி?"

"அது கலப்பாம்."

அப்பா சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். நல்லாத்தான இருந்துச்சு, காமெடி மாதிரி. மொச்சை படுத்துக்கிட்டே ஒரு கண்ணைத் திறந்து எங்களைப் பாத்துட்டு மூடிக்கிச்சு.

அப்புறம்தான் ஒவ்வொண்ணா ஆரம்பிச்சுச்சு. ஊருக்குக் கார் வந்துச்சு. மைனர் மாதிரிக் குட்டி வேணும்னு கோயம்புத்தூர்ல இருந்து, பெங்களூர்ல இருந்து. உங்களை மாதிரித்தான்க்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சங்கத்துல சொன்னாங்க, இனம் நிலைக்கணும்னா ஊர்ல கலப்பு குட்டி போடக் கூடாது. ஒரு வீட்ல ஒரே ஒரு கலப்பு நாய் ஆபரேஷன் பண்ணாம இருந்தாலும் அந்த வீட்டுக் குட்டிக்கு சர்ட்டிபிகேட் கிடையாது. அதுக்காக மார்கழியில ஊர் ஸ்கூல்ல ஒரு கேம்ப் போட்டாங்க, கருத்தடை ஆபரேஷனுக்கு. கடுவனும் பொட்டையும். சோறும் போட்டாங்க, தக்காளிச் சாதம்.

கிடைக்காரங்க எப்படி ஒத்துக்கிட்டாங்கன்னு நீங்க நினைக்கலாம். நாய் சாகவா போகுது, எப்பவும்போல வேலை பாக்கும், குட்டிதான போடாதுன்னு ஒத்துக்கிட்டாங்க. கிடைக்குக் குட்டி வேணும்னா? பக்கத்து வீட்டுல கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரன், எதுத்த வீட்டுல கிடைக்கும்னு நினைச்சான். குட்டிக்கு என்னைக்குப் பஞ்சம் வந்துச்சு, எந்த வீட்லயாவது ஏதாவது ஒண்ணு போட்டுக்கிட்டேதான் இருக்கும். யாரும் யாரையும் கேட்டுக்கலை. எல்லார் வீட்டு நாயும் ஒரே நாள்ல போச்சு.

எங்க வீட்ல அண்ணன் ரெண்டு நாள் பேசினான். "அப்பா, எத்தனை காலத்துக்குக் காட்டுல படுப்பீங்க? இவளும் காட்டுலயா படுக்கணும்? நாலு கூண்டு வச்சா வீட்டுல இருந்தே பொழைக்கலாம். இவ படிக்கட்டும்." என்னை ஏன் இழுத்தான்னு தெரியலை. அவன் தேவைக்கு என் பேரு.

அப்பா என்கிட்ட கேட்டாரு. கயிறு திரிச்சுக்கிட்டு, கையைப் பாத்துக்கிட்டேதான் கேட்டாரு. "நீ வளத்த நாயி. உனக்குத்தான் குட்டின்னு பேசினது. நீ சொல்லு. வேண்டாம்னா வேண்டாம்."

நான் என்னக்கா சொல்ல? "எல்லாரும் கொண்டுபோறாங்க"ன்னு சொன்னேன். உண்மைதான? எல்லாரும்தான் கொண்டுபோனாங்க. அப்பா கொஞ்ச நேரம் இருந்து பாத்தாரு, நான் வேற ஏதும் சொல்லுவேனோன்னு. அப்புறம் "சரி"ன்னாரு. அச்சுல வேற வந்துருச்சு பாருங்க. அச்சுல வந்துட்டா நம்ம கண்ணு மேலயே நமக்குச் சந்தேகம் வந்துருது. எனக்கு மட்டும் இல்ல, ஊருக்கே அப்படித்தான் இருந்துச்சு.

அண்ணனால மொச்சையைப் பிடிக்க முடியாது, நான்தான் கூட்டிட்டுப் போனேன். வண்டியில என் மடியில உக்காந்து வந்துச்சு. கேம்ப்ல வேற யாரையும் கிட்ட விடலை, அதனால கடைசியா வச்சுக்கலாம்னுட்டாங்க. நான்தான் வாயைக் கட்டினேன். மத்தவங்க கட்டியிருந்தா கடிச்சிருக்கும். நான் கட்டினதால பேசாம இருந்துச்சு. ஊசி போடுறப்ப என் கையில மூக்கை வச்சுக்கிட்டு இருந்துச்சு. கையெல்லாம் ஈரம். தாவணியில துடைச்சுக்கிட்டேன்.

டாக்டரம்மாதான் பண்ணினாங்க. முடிச்சு, தையல் போட்டு, அப்புறம் சும்மா அதோட காலைப் பிடிச்சுப் பாத்தாங்க. பாதத்தை விரிச்சுப் பாத்தாங்க. நெஞ்சைத் தொட்டுப் பாத்தாங்க. உதட்டைத் தூக்கிப் பல்லைப் பாத்தாங்க. திரும்பவும் காலைப் பாத்தாங்க.

"இது எங்கருந்து வந்துச்சு?"

"எங்க வீட்டு நாய்."

"வாங்கினதா?"

"இல்ல. இதோட அம்மா எங்க வீடு. அதோட அம்மாவும் எங்க வீடுதான்."

"நான் வந்தப்ப இது எங்க இருந்துச்சு?"

"கிடையோட போயிருந்துச்சு."

"காலையில இருந்து இதே மாதிரி வந்துக்கிட்டே இருந்துச்சே, அதெல்லாம்?"

"எல்லாம் கிடைநாய்தான்."

"எல்லாமா?"

"ஆமா. இதுதான் கடைசி."

அவங்க கையுறையைக் கழட்டவே இல்ல. "நான் கேட்டேன்ல," அப்படின்னாங்க. "வேற இல்லையான்னு கேட்டேன்ல. உன்னையும் கேட்டேன்."

"கேட்டீங்க. கிடை வெளிய இருந்தா எங்க ஊர்ல யாரும் சொல்ல மாட்டாங்க."

அவங்க வெளிய போய் ஸ்கூல் படியில உக்காந்துட்டாங்க. முழங்கால்ல முகத்தை வச்சுக்கிட்டாங்க. காலையில இருந்து நின்னுக்கிட்டே வேலை பாத்தாங்கல்ல, தலைவலி போல. மருந்து வாடை எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. நான் தக்காளிச் சாதம் கொண்டுபோய்க் குடுத்தேன். வாங்கலை.

அதுக்கப்புறம் அவங்க ஒரு தடவை வந்தாங்க, தனியா, பஸ்ஸுல. வீடு வீடாக் கேட்டாங்க, ஆபரேஷன் பண்ணாத கிடைநாய் ஒண்ணாவது இருக்கா, கடுவனா இருந்தாலும் பரவாயில்லன்னு. மாசி மாசம், கிடை எல்லாம் ஊர்லதான் இருந்துச்சு, யாரும் மறைக்கலை. இருந்தாச் சொல்லியிருப்பாங்க. பக்கத்து ஊர்களுக்கும் போனாங்க. அங்கயும் சங்கத்துல கேம்ப் போட்டு முடிச்சிருந்தாங்க. புத்தகத்தை மாத்தி எழுதணும்னு சங்கத்துல சண்டை போட்டாங்களாம். எங்க அண்ணனும் கனியப்பன் மாமாவும் போய், மாத்தக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்தாங்க. மாத்தினா மைனரு கலப்பு ஆயிரும்ல. கூண்டு எல்லாம் கட்டியாச்சு.

பங்குனியில அப்பா கிளம்பினாரு. தனிக்கிடைப் பேச்சை அவர் எடுக்கலை. நானும் கேக்கலை. கேட்டு என்ன ஆகப் போகுது? மொச்சைக்கு வயசாகிட்டு வருது, துணைக்கு வேணும்னு மைனரோட குட்டிங்க ரெண்டைக் கொண்டுபோனாரு. வேற இல்ல, அதைத்தான் கொண்டுபோகணும்.

ஆனி மாசம் திருடனுங்க ஒரு லோடு ஆட்டோவுல வந்திருக்காங்க. பரோட்டா பார்சல் கொண்டு வந்திருக்காங்க. மைனரோட பிள்ளைக வாலை ஆட்டிக்கிட்டே போய்த் தின்னிருக்கு. புத்தகத்துல போட்டிருக்குல்ல, அந்நியரிடமும் இணக்கம்னு. அதுல தப்பு சொல்ல முடியாது. மொச்சை மட்டும்தான் நின்னிருக்கு. ஒரு நாய் ஒரு பக்கம்தான் நிக்க முடியும். கிடைக்கு நாலு பக்கம்.

அப்பா எழுந்திருக்கும்போது படல் பிரிஞ்சு கிடந்துச்சாம். மொச்சைக்கு விலாவுல கம்பி அடி. அப்பாவுக்கு ஒண்ணும் ஆகலை. மிச்சம் இருந்த ஆடுகளை அங்கயே யாவாரிகிட்ட பிடிச்சுக் குடுத்துட்டு, மொச்சையை மினிபஸ்ஸுல மடியில வச்சுக் கூட்டிட்டு வந்தாரு. வீட்டுக்கு வந்து கம்பை மூலையில சாத்தினாரு. "அவ்வளவுதான்"ன்னாரு. அம்மா சாப்பிடச் சொன்னதும் சாப்பிட்டாரு. இப்ப அப்பா டவுன்ல ஒரு மில்லுக்கு வாட்ச்மேனாப் போறாரு. ராத்திரி முழிச்சுப் பழக்கம்தான.

நான் இங்க இருக்கேன். குட்டிகளைக் குளிப்பாட்டுறேன், கூண்டு கழுவுறேன், வர்றவங்களுக்கு டீ போட்டுக் குடுக்குறேன். அண்ணன் ப்ளஸ் டூவைப் பிரைவேட்டா எழுதுன்னு புத்தகம் எல்லாம் வாங்கி வச்சிருக்கான், கைடுகூட. கெமிஸ்ட்ரி கைடு நல்ல தடிமன். அந்தக் கடைசிக் கூண்டு ஒரு பக்கம் சாயுதுன்னு அடியில வச்சிருக்கேன். அவன் பாத்தான். திரும்ப எடுத்துத் துடைச்சு மேல வச்சான். நான் திரும்ப வச்சுட்டேன்.

ஊர்ல சில பேரு, எனக்கு வருத்தம், அதான் சரியாப் பேச மாட்டேங்கிறேன்னு சொல்லுறாங்க. வருத்தம்னு எல்லாம் ஒண்ணும் இல்லக்கா. டாக்டரம்மா சரியா அளக்கலை. அண்ணன் அவசரப்பட்டான். அப்பா வேண்டாம்னு சொல்லியிருக்கணும், அவர்தான பெரியவர். ஊரு முன்யோசனை இல்லாம பண்ணுச்சு. நான் கேட்டதுக்குப் பதில் சொன்னேன். வாயைக் கட்டச் சொன்னாங்க, கட்டினேன். யோசிச்சுப் பாத்தா எனக்கு ஒண்ணும் தோணலை. முன்னல்லாம் ஏதாவது தோணும்.

நீங்க அந்தச் சந்தன நிறக் குட்டியையே எடுத்துக்கங்க. நல்ல குட்டி. சத்தம் போடாது, அபார்ட்மெண்ட்டுக்கு அதான் சரி. வாலு இப்பவே சுருள ஆரம்பிச்சுருச்சு. காவலுக்குன்னா வேண்டாம், கேமரா வாங்கி மாட்டிக்கங்க.

எங்கக்கா பாக்குறீங்க, அதுவா? வேப்பமரத்தடியில குட்டையா, குண்டா வருதே, அதுதான் மொச்சை. இப்ப நல்லா சதை போட்டுருச்சு. பகல் பூரா தூங்கும், ராத்திரியும் தூங்கும். குட்டி பாக்க வர்றவங்க எல்லாம் பிஸ்கட் போட்டுப் போட்டுப் பழகிருச்சு. யார் வந்தாலும் போய் நிக்கும். உங்க பையை மோந்து பாக்குது பாருங்க. இருந்தா ஒண்ணு குடுங்க, இல்லாட்டி பரவாயில்ல.

காலை ஏன் மேல தூக்குறீங்க? அட, இறக்குங்கக்கா. நக்கத்தான் செய்யுது. தலையில தடவிக் குடுங்க, அதுக்குப் பிடிக்கும். காதுக்குப் பின்னால. வாயில கைவச்சாலும் பேசாமத்தான் இருக்கும்.

பயப்படாதீங்க. ஒண்ணும் செய்யாது.